இடது பூட்ஸ்

திங்கட்கிழமை மூட்டை பிரிப்பார்கள்.
அன்றைக்குக் கிலோ நாற்பது லாரி.
செவ்வாய் முப்பத்திரண்டு.
இப்படியே இறங்கி இறங்கிச்
சனிக்கிழமை சாயங்காலம் எட்டில் வந்து நிற்கும்.
குதாயிசியில் எங்கள் தெருவுக்கே இந்தக் கணக்கு மனப்பாடம்.

பெரிய கடையின் கண்ணாடிக்குள் நின்ற புது ஜோடி
இருநூற்று அறுபது.
என் மினிபஸ்ஸில் ஆளுக்கு இரண்டு லாரி.
நூற்று முப்பது பேர் ஏறி இறங்க வேண்டும்,
டீசல் தனி, என்று நான் முணுமுணுக்கத் தொடங்கியதும்
வாமேக் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.
பதின்மூன்று வயது.
கால் அளவு நாற்பத்திரண்டு.
பனி உருகிய மாதத்தில் அது முப்பத்தொன்பது.

வழியெல்லாம் எனக்குப் பாடம்.
ஓடுகிறவர்கள் போடுவது தக்கை, அது வேண்டாம்.
ஸ்க்ரம்மில் முன்வரிசை நான்.
கணுக்காலைப் பிடிக்கிற தோல் வேண்டும்,
அடியில் திருகி மாட்டுகிற உலோகக் குமிழ் எட்டு வேண்டும்.
"பூட்ஸ் மண்ணைக் கவ்வினால்தான்
நான் மண்ணைக் கவ்வ மாட்டேன்."

சியூரியின் கடையில்
ஒரு மழைக்கோட்டுக்கும் யாரோ கழற்றிய திரைச்சீலைக்கும் நடுவே
கிடந்தது அது.
கறுப்பு. மூக்கில் சிராய்ப்பு.
உள்நாக்கில் மையால் எழுதிய பெயர்: க்லெட்வின்.
எந்த ஊர்ப் பையனோ.
அடியில் அவன் ஊர்ச் சேறு காய்ந்திருந்தது.
தராசில் வைத்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

செவ்வாய்க்கிழமை அது.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.
சனிக்கிழமை வரை பொறுத்தால் ஒன்பது லாரி.
பொறுத்தால்.

வெட்கம்தான், சொல்லிவிடுகிறேன்:
இடது பூட்ஸை எடுத்து
குளிர்காலக் கோட்டுகளின் அடியில் செருகினேன்.
ஒற்றைக் காலுக்கு யார் வாங்கப்போகிறார்கள்?
புதன் போய்ப் பார்த்தேன், இருந்தது.
வியாழன் கூட்டம், உள்ளே நுழைய முடியவில்லை.
வெள்ளி இரவு தூக்கத்தில்
அது தனியாகத் தெருவில் நடந்து போயிற்று.

சனி ஆறு மணிக்கு
கோட்டுகளுக்கு அடியில் கை விட்டேன்.
இடது இருந்தது.
வலது இல்லை.

குவியலைப் புரட்டினேன். மேசைக்கு அடியில் தவழ்ந்தேன்.
எதிர்ப்பக்கம் ஒரு பெண்ணும் தவழ்ந்துகொண்டிருந்தாள்.
அவள் மார்போடு அணைத்திருந்தது
வலது.

ஆஸ்பத்திரிச் சலவையில் வேலையாம், நாத்தேலா.
போர்வைகளுக்குள் ஒளித்தது அவள்.
மகன் ஜாபா. வயது பதினைந்து.
அவனும் முன்வரிசை.
அவனுக்கும் நாற்பத்திரண்டு.

திருடனும் திருடியும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டோம்.
நான் மூன்று பிள்ளைகள் என்றேன்.
அவள் நான்கு என்றாள்.
நான் முதுகுவலி என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
சோடாவில் வெந்த விரல்களைக் காட்டினாள்.

"ஒற்றைக்கு எடை போட மாட்டேன்,
ஏழு மணிக்குக் கதவு சாத்துவேன்," என்றாள் சியூரி.

"உன் பையனுக்கு எத்தனை மணிக்கு?"
"பத்தரை."
"ஜாபாவுக்கு ஒரு மணிக்கு."

அப்புறம் பேச என்ன இருக்கிறது?
தராசில் வைக்கும் முன்
இரண்டு பேரும் சாவியால் சேற்றைச் சுரண்டினோம்.
அந்நிய மண்ணுக்கு நாங்கள் ஏன் காசு தர வேண்டும்!
சியூரி பெருமூச்சு விட்டுவிட்டுத் துடைப்பம் எடுத்தாள்.
ஏழு லாரி நாற்பது.
ஆளுக்கு மூன்று எழுபது.

ஞாயிறு. ரியோனி ஆற்றுப் பக்கத்து மைதானத்தில் மழை.
நடுவர் குனிந்து ஒவ்வொரு குமிழாகத் தடவிப் பார்த்தார்,
சரி என்றார்.
வாமேக்கின் அணி தோற்றது.
ஆனால் ஸ்க்ரம்மில் அவன் ஓரடிகூடப் பின்னால் போகவில்லை,
நான் பார்த்தேன்.

கோட்டுக்கு வெளியே நாத்தேலா துண்டோடு காத்திருந்தாள்.
ஈரம் சொட்டச் சொட்டக் கைமாறிற்று.
ஜாபா காலை நுழைத்துவிட்டு முகம் சுளித்தான்:
"சூடாக இருக்கிறது."

இப்போது ஒரே ஒரு கவலை.
இரண்டு பையன்களுக்கும் ராத்திரியில் கால் வளர்கிறது.
முதலில் கட்டைவிரல் இடிப்பது யாருக்கோ
அவன் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம்.
தினமும் விளக்கணைக்கும் முன்
வாமேக்கின் போர்வையை மெல்லத் தூக்கிப் பார்க்கிறேன்.
அங்கே அவளும் பார்ப்பாள்.